பத்தொன்பதாம் மாடிக்கு அப்பா வந்த விதம்

போலந்து நாட்டில் பேட்டரித் தொழிற்சாலையில் கௌரவமான உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகள் யூன்சலுக்கு, தேகு நகரம், நூற்று மூன்றாம் கட்டடம், பத்தொன்பதாம் மாடி, இரண்டாம் எண் வீட்டிலிருந்து உன் பெரியப்பா தோ பியோங்மான் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் பெரியம்மாவும் என் இரண்டு முழங்காலும் சுகம். அங்கு நீயும் உன் வேலையும், அந்தக் குளிரில் உன் காதும் மூக்கும் சுகமா என்பதற்குப் பதில் எழுதவும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். உன் அப்பா வீடியோவில் உனக்கு என்ன சொல்லியிருந்தாலும் சரி, நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னவன். நேற்று அல்ல, எண்பத்தாறாம் வருஷம். அப்போது நான் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். என் வண்டியில் தகரத்தைத் தட்டி ‘ரைட்’ சொல்லும் நடத்துநர் பெண் ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் காலை அவளைக் காணோம். அவள் நின்ற இடத்தில் காசு போடும் பெட்டியும், நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் ஒலிநாடாவும் இருந்தன. அன்றைக்கே டிப்போவில் நாற்பது ஓட்டுநர்களுக்கு முன்னால் எழுந்து நின்று சொன்னேன்: “இன்னிக்கு பஸ் கதவு. நாளைக்கு வீட்டுக் கதவு. மனுஷனுக்குக் கதவு தொறந்துவிட மனுஷன் இருக்க மாட்டான், எழுதி வச்சுக்குங்கடா.” யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடித்தது வேறு யாரோ என்று இன்றைக்கு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள்.

இதை ஏன் போனில் அனுப்பாமல் காகிதத்தில் எழுதுகிறேன் என்று நீ கேட்பாய். தெரியாமல் அல்ல. முதியோர் நலக்கூடத்தின் கைப்பேசி வகுப்பில் முதல் மாணவனாகத் தேறி, சட்டம் போட்ட சான்றிதழ் வாங்கியவன் நான். (வகுப்பில் ஏழு பேர்தான், அதில் மூன்று பேருக்குக் கண் அறுவை என்று பெரியம்மா பக்கத்திலிருந்து சொல்கிறாள். கேட்காததை எல்லாம் சொல்வாள்.) ஆனால் போனில் ஒன்றை அனுப்பினால் அதன் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு ‘1’ வந்து உட்கார்ந்துகொள்கிறது பார், எதிராளி திறந்து படிக்கும்வரை நகராமல், அதோடு எனக்கு ஒத்துவராது. காகிதத்தில் அந்த உபத்திரவம் இல்லை. நீ படித்தாயா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நிம்மதி.

அந்த ‘1’ கதையைச் சொன்னால் உன் அப்பா கதையையும் சொல்ல வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு தாத்தாவின் நினைவுநாள் படையலுக்கு அவனால் வர முடியவில்லை. முழங்கால் அறுவை செய்துகொண்டு உல்சான் நகரத்தில் படுத்திருந்தான். “வீடியோவுலயே கும்புட்டுக்கறேன் அண்ணே” என்றான். பெரியம்மாவும் அவன் முகம் தெரிகிற போனைக் கொண்டுவந்து படையல் மேசையில் மலைக்கீரைக் கிண்ணத்தில் சாய்த்து நிறுத்தினாள். நான் அரிசி மது ஊற்றி வைத்து, இறந்தவருக்கு இரண்டு தடவை, உயிரோடிருப்பவருக்கு ஒரு தடவை என்று மூன்று வயதிலேயே படித்த கணக்குப்படி, ஒரு தடவை விழுந்து எழுந்து இரண்டாவதற்குக் குனிகிறேன், கீரைக்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை கொஞ்சுகிறாள்: “முழங்கால் வலியா? இனி கவலை வேண்டாம்!” விளம்பரம்! அந்தப் போனில் எது எங்கே திறந்து கிடந்ததோ. தாத்தா முன்னால் எனக்கு மானம் போய்விட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். கிண்ணத்துக்குள் கவிழ்ந்தது தற்செயல். அப்புறம் மறந்தே போனேன்.

பாவம், உன் அப்பா கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் இருட்டைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறான். கடைசியில் பெரியம்மா போனை எடுத்துத் துடைத்தபோது கேட்டான்.

“அண்ணே, என்னை எங்க வச்சிருந்தீங்க?”

“கீரையில.”

“அப்ப நான் கும்புட்டது அப்பாவுக்குப் போய்ச் சேரலையா?”

நான் ஒரு வார்த்தை சொன்னேன். “கண்ணாடி வழியா வர்ற கும்புடெல்லாம் அப்பா வாங்க மாட்டாருடா. வரணும்னு மனசிருந்தா நொண்டிக்கிட்டாவது வருவான்.”

மறுநாள் காலையில் போனில் நம் குடும்பக் குழுவில் உன் அப்பா பேரைப் போட்டு ஒரு வரி: ‘தோ பியோங்கில் வெளியேறினார்.’ இந்த எழுபது வருஷத்தில் என்னிடம் கோபித்துக்கொண்டு எத்தனையோ பேர் வெளியேறியிருக்கிறார்கள். எனக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு. நாற்காலி நகரும், செருப்பைத் தேடுவார்கள், கதவு அறையும், அதற்குள் ‘அட உக்காருப்பா’ என்று சொல்ல நேரம் இருக்கும். இதில் ஒன்றுமே இல்லை. சத்தமில்லாமல் சாம்பல் நிறத்தில் ஒரு வரி. யாரிடம் ‘உக்காரு’ என்று சொல்வது?

அதற்காக நான் இறங்கிப் போனேன் என்று நினைக்காதே. மூத்தவன் நான். ஆனால் கைப்பேசி வகுப்பில் தினமும் காலையில் பூப் படத்தில் ‘இன்று நல்ல நாள்’ என்று எழுதி யாருக்காவது அனுப்ப வேண்டும், அது வீட்டுப்பாடம். யாருக்காவது என்றால் எண் வேண்டுமே? இப்போதெல்லாம் எல்லா எண்ணையும் போனே வைத்துக்கொள்கிறது, பெரியம்மா எண்கூட எனக்குத் தெரியாது. மனப்பாடமாகத் தெரிந்தது உன் அப்பா எண் ஒன்றுதான், அவனுக்கு முதல் போன் வாங்கிக் கொடுத்தவனே நான் அல்லவா? ஆகவே அவனுக்கு அனுப்பினேன். தாமரை, 1. செவ்வந்தி, 1. செர்ரிப் பூ, 1. வகுப்பு மூன்று மாதத்தில் முடிந்தது. வீட்டுப்பாடம் கொஞ்சம் நீண்டுவிட்டது, இரண்டு வருஷம். ஒரு ‘1’கூட நகரவில்லை. எனக்கு அதனால் ஒன்றுமில்லை. சும்மா தினமும் பார்ப்பேன், அவ்வளவுதான்.

இதற்கிடையில் போன வசந்தத்தில் இந்தப் புது வீட்டுக்கு வந்தோம். யூன்சல், நீ போலந்தில் என்னென்ன பார்த்திருப்பாயோ தெரியாது, ஆனால் இப்படிப்பட்ட கட்டடத்தைப் பார்த்திருக்க மாட்டாய். வெளிவாசலில் முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். நான் முகத்தைச் சுளித்தால் திறக்காது, அதனால் பெரியம்மா, “நாப்பத்தஞ்சு வருஷமா நான் சொல்லி நடக்காதத இந்தக் கதவு நடத்திருச்சு, வாசல்ல வந்தா சிரிக்கிறாரு” என்று லிப்டில் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். கட்டட வாசலில் மறுபடி முகம், லிப்டுக்கு அட்டை, வீட்டுக் கதவுக்கு ரகசிய எண். ஆக நான்கு பூட்டு. அமைச்சர் வீட்டில்கூட மூன்றுதான் என்று கேள்வி.

தாத்தாவின் நினைவுநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சுரீர் என்றது. படையல் வைத்ததும் என் அப்பா, அதாவது உன் தாத்தா, உள்ளே வருவதற்காக வாசல் கதவைத் திறந்து வைப்போம். பழைய வீட்டில் படி ஏறினால் கதவு, கதவு திறந்தால் அப்பா. இங்கே? பத்தொன்பதாம் மாடியில் நான் என் கதவைத் திறந்து வைத்து என்ன பிரயோசனம், கீழே மூன்று பூட்டு இருக்கிறதே! முப்பது வருஷம் தபால்காரராக இருந்த மனுஷர், விலாசம் கண்டுபிடிப்பதில் குறை வைக்க மாட்டார். ஆனால் இந்தக் காலத்தில் விலாசம் தெரிந்தால் போதுமா? அப்பா செத்தது தொண்ணூற்றெட்டில். அவர் முகம் எந்தக் கதவுக்கும் தெரியாது. அவரும் பூட்டிய வாசலில் நின்று கூப்பிடுகிற ஆள் இல்லை, பேசாமல் திரும்பிப் போய்விடுவார். மூத்த மகன் வீட்டு வாசல்வரை வந்து பசியோடு திரும்பினார் என்று மேலே போய்ச் சொன்னால் என் பேர் என்ன ஆவது?

வாயைக் கொப்பளித்துவிட்டு நேரே நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே பியோன் அம்மாள் என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், கணக்காகப் பேசுவார்.

“ஒரு விருந்தாளியைப் பதிவு பண்ணணும்” என்றேன்.

“பேர்?”

“தோ சுன்போ.”

“வயசு?”

“நூத்தி ஒண்ணு.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “இந்த வயசுல தனியாவா வர்றாரு?”

“உயிரோட இருந்தவரைக்கும் அம்மாவோட வருவாரு. இப்பத் தனியாத்தான்.”

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “படையலா?” என்றார்.

“படையல்தான்.”

“எங்க மாமனாருக்கு நாங்க ஜன்னலத் தொறந்து வச்சோம்யா. ஆனா நாங்க ரெண்டாவது மாடி.” கணினியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “எங்ககிட்ட இருக்கறதே நாலு வகைதான். விருந்தாளி, வண்டி, பார்சல் கொண்டுவர்றவங்க, குழாய் ரிப்பேர்.”

“விருந்தாளின்னே போடுங்க. வருஷத்துக்கு ஒருக்கா, ஒரு வேளை சாப்பாடு, வண்டி கிடையாது. யாருக்கும் தொந்தரவு இல்லாத மனுஷன்.”

“போடறேன். ஆனா போன் நம்பர் இல்லாம மெஷின் நகராது. அனுமதிச் சீட்டு போனுக்குத்தான் போகும், அதைக் காட்டினாத்தான் கதவு தொறக்கும்.”

அப்போது என் வாய் தானாக ஒரு எண்ணைச் சொன்னது. மனப்பாடமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று என்று முன்பே எழுதியிருக்கிறேனே, அதுதான். வெளியே வந்து பாதி வழியில்தான் என்ன செய்தேன் என்று உறைத்தது. திரும்பிப் போய் மாற்றியிருக்கலாம். ஆனால் அலுவலகத்தின் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது, நான் பிறர் சாப்பாட்டைக் கெடுக்கிறவன் அல்ல.

நினைவுநாள் வந்தது. கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டாம் என்று, நள்ளிரவில் வைக்கிற படையலை இப்போதெல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கே வைத்துவிடுகிறோம். எங்கே ஓட, வருகிறவர்கள் யாருமில்லை, நானும் பெரியம்மாவும்தான். ஆனாலும் இருபது பேருக்கு உள்ள படையல் போட்டோம். நான் ஒருவனே நின்று முப்பது மீன் அடை சுட்டேன். (ஆறு என்கிறாள். மீதி கடையில் வாங்கியதாம்.) அப்பாவுக்குப் பிடித்த பெரிய கருவாடு, பேரிக்காய், சீமைப் பனிச்சைப் பழம் எல்லாம் வரிசை தவறாமல் அடுக்கி, மெழுகுவர்த்தி ஏற்றி, கதவைத் திறந்து வைத்தேன். அவ்வளவுதான். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, கதவு கத்த ஆரம்பித்தது. ‘கதவு திறந்துள்ளது, கதவு திறந்துள்ளது.’ தெரிந்துதானே திறந்தேன்! அதை அடக்கத் தெரியாமல் நான் அதன் பொத்தான்களை எல்லாம் அமுக்க, எங்கேயோ பட்டு, மூலையில் தூங்கிக்கொண்டிருந்த, தரையைத் தானே பெருக்குகிற வட்ட எந்திரம் எழுந்து, ‘சுத்தம் செய்யத் தொடங்குகிறேன்’ என்று அறிவித்துவிட்டு, மேசைக் காலை ஒரு இடி இடித்து, திறந்த கதவு வழியாகத் தாழ்வாரத்துக்குப் போயே போய்விட்டது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருக்கிற திரையில் காவலாளி முகம்.

“ஐயா, உங்க வீட்டுக் கதவு தொறந்து கெடக்குன்னு எங்களுக்கு மணி அடிக்குது.”

“எங்க அப்பாவுக்காகத் தொறந்து வச்சிருக்கேன்.”

“எப்ப வர்றாரு?”

“செத்து இருபத்தேழு வருஷமாச்சு. ஏழு மணிக்கு வந்துருவாரு.”

“சரிங்கய்யா, வந்ததும் சாத்திக்குங்க” என்றார் காவலாளி. பண்பட்ட மனிதர். அவருக்கு மறுநாள் அடை கொடுத்தனுப்பினேன்.

ஏழாக இரண்டு நிமிஷம். நான் மேலங்கியைப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் நிற்கிறேன். பெரியம்மா சூப்புக் கிண்ணத்தைத் தட்டோடு ஏந்தி வருகிறாள். அப்போது சுவர்த்திரையில் மணி அடித்து, செய்தி வாசிக்கிற மாதிரி தெளிவான குரலில் ஒரு பெண் சொன்னாள்: ‘விருந்தினர் தோ சுன்போ வந்துள்ளார்.’

தட்டு விழுந்தது. பெரியம்மா முகத்தில் ரத்தமே இல்லை. “ஏங்க,” என்றாள், “மாமா வந்துட்டாருங்க.”

“வரட்டும். கூப்பிட்டதுதானே?” என்றேன். நான் அசையவே இல்லை. சிங்கம் போல நின்றேன். பிறகு சிங்கம் போலவே தாழ்வாரத்துக்கு நடந்து லிப்ட் முன்னால் போய் நின்றேன். எண்கள் மாறுகின்றன. மூன்று, நான்கு, ஐந்து. அப்பா தபால் பையோடு படி ஏறுகிற அதே நிதானம். ஒன்பதில் கொஞ்சம் நின்றது, மூச்சு வாங்குகிறார் என்று நினைத்தேன். பதினேழு, பதினெட்டு. கதவு திறக்கும்போது உள்ளேயிருந்து ‘உர்ர்’ என்று ஒரு சத்தம். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்ப்பது மரியாதை அல்ல. இரண்டு கையையும் நெற்றிக்குக் கொண்டுபோய், குளிர்ந்த தரையில் நெற்றி படும்படி விழுந்து கும்பிட்டேன். எழுந்து, இரண்டாவது தடவைக்குக் குனிகிறேன்.

“அண்ணே! அண்ணே! நிறுத்துங்க! இன்னொண்ணு விழுந்துடாதீங்க, நான் இன்னும் சாகல!”

உன் அப்பா! ஒரு கையில் ஊன்றுகோல், ஒரு கையில் பேரிக்காய் மூட்டை, கக்கத்தில் எங்கள் வீட்டு எந்திரம், சக்கரம் சுழன்றபடி. அது தாழ்வாரத்திலிருந்து லிப்டுக்குள் ஏறிக் கீழே போய் அவனை வரவேற்றிருக்கிறது. அதற்கு இருக்கிற அறிவு!

“அப்பா பேர்ல எனக்கொரு அனுமதிச் சீட்டு வந்துச்சு,” என்றான், என்னைப் பார்க்காமல். “நான் வந்து காட்டலன்னா அப்பா கீழயே நிப்பாரேன்னு வந்தேன். உங்களுக்காக வரல.”

“நானும் உனக்காகக் கூப்பிடல. எந்திரத்தைக் குடு.”

“இந்தாங்க. எங்கிட்ட ‘வழி விடவும்’னு சொல்லுது. உங்ககிட்டதான் வளந்திருக்கு.”

அப்புறம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அப்பாவுக்கு இரண்டு தடவை விழுந்தோம். அவன் கால் முழுதாக மடங்கவில்லை, நான் அவன் கக்கத்தில் கை கொடுத்து இறக்கினேன். சாப்பிடும்போது நான் கடைசியில் கேட்டேவிட்டேன், இரண்டு வருஷமாக நான் அனுப்பிய பூவில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கத் தோன்றவில்லையா என்று. அவன் அடையைக் கடித்துக்கொண்டே, “எல்லாத்தையும் பாத்தேன். தொறக்காமலே மேலாக்கப் பாக்கலாம், ‘1’ போகாது. அந்த வகுப்புல இதைச் சொல்லிக் குடுக்கலியா?” என்றான்.

“பாத்தியா?”

“ஏப்ரல்ல நாலு நாள் பூ வரல. என்ன ஆச்சுன்னு அண்ணிக்கு போன் போட்டேனே. உங்களுக்குக் காய்ச்சல்னாங்க.”

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவள் மும்முரமாகக் கருவாட்டில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் போனை எடுத்து என் கண் முன்னால் திறந்தான். யூன்சல், என் போனில் எழுநூறு ‘1’ மழைக்குக் கரைகிற மாதிரி ஒரே நொடியில் மறைந்தது. உலகத்தில் வேறு எந்தப் பெரியப்பனுக்கும் இப்படி நடந்திருக்காது என்று அடித்துச் சொல்வேன்.

ஆகவே நம் குடும்பத்தைப் பற்றி நீ அங்கே தலை நிமிர்ந்து பேசலாம். செத்தவருக்கு அனுமதிச் சீட்டு வாங்கிப் படையலுக்குக் கூப்பிட்ட முதல் மனிதன் உன் பெரியப்பன். உன் அப்பா குழுவுக்குள் திரும்பி வந்துவிட்டான், வந்ததும் முதல் வேலையாக நான் லிப்ட் முன்னால் விழுந்ததைப் பற்றித்தான் எழுதினான், நம்பாதே. வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே. நீ எந்தக் கதவு முன்னால் போய் நின்றாலும் அது உன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் திறக்க வேண்டும் என்று பெரியப்பாவும் பெரியம்மாவும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா,
தோ பியோங்மான்
(சான்றிதழ் பெற்றவர்)

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் பெரியம்மா வாங்கிப் படித்தாள். “அடை முப்பதுன்னு இருக்கட்டும். ஆனா அந்தப் பேரை மட்டும் மாத்துங்க, அவ அப்பா எப்படியும் சொல்லிடுவாரு” என்றாள். சரி. பியோன் அம்மாளிடம் நான் கொடுத்த பேர் தாத்தாவுடையது அல்ல. ‘பேர்?’ என்று அவர் கேட்டதும் ‘தோ பியோங்கில்’ என்று உன் அப்பா பேரைத்தான் சொன்னேன், வயதுகூட அவர் கேட்கவில்லை, இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. சீட்டு அவன் பேருக்குத்தான் போனது. சுவர்த்திரை சொன்னதும் அவன் பேரைத்தான், தட்டு விழுந்தது என் கையிலிருந்து. லிப்ட் ஒன்றிலிருந்து பத்தொன்பதுக்கு வருகிறவரை உள்ளே இருப்பது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் நான் இரண்டாவது தடவைக்குக் குனிந்தேன், அவன் தடுத்தான் என்று மேலே எழுதியிருப்பதை நீயே அடித்துவிடு. இரண்டாவது என்று ஒன்று இல்லவே இல்லை. நான் விழுந்தது ஒரே தடவை. உயிரோடிருப்பவனுக்கு அதுதான் கணக்கு.